ரோஸ் அலர்டன் பேசாத வசனம்

நியூ ஜெர்சியின் ஐசலினில் பத்மராணியின் பக்கத்து வீட்டுக்காரியான ரோஸுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. அவர் ஒரு காலத்தில் சினிமா நடிகை என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பத்மராணிக்கே அது புருவத்தால்தான் தெரிய வந்தது.

பத்மராணி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரோஸ் கார் ஓட்டுவதை விட்ட பிறகு, இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்குச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் அவரையும் ஏற்றிக்கொண்டு போவாள். ஒருமுறை பியூட்டி பார்லரில் ரோஸும் உட்கார்ந்து, தனக்கும் த்ரெடிங் செய்யச் சொன்னார். பார்லர்ப் பெண் நூலைக் கையில் பிடித்தபடி, "இதில் எடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டாள்.

"ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். திரும்ப வளரவேயில்லை" என்றார் ரோஸ்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் தொடங்கிய கதை, பிறகு எத்தனையோ பிற்பகல்களில் தொடர்ந்தது. அவர் பிறந்தது பக்கத்து ஊரான பெர்த் அம்பாயில். அப்பா செம்பு உருக்கும் ஆலையில் கூலி. வீட்டில் போலந்து மொழி. பெயர் ரோசாலியா வோய்சிக். பத்தொன்பது வயதில் பத்திரிகை ஒன்று நடத்திய அழகுப் போட்டியில் ஜெயித்து, கலிபோர்னியாவுக்கு ரயில் ஏறினார். அங்கே முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் போய் ரோஸ் அலர்டன் ஆனார். அடுத்து முன்பல் இரண்டு, அப்புறம் புருவம். நெற்றி சிறியது என்று சொல்லி முடியையும் மேலே ஏற்றிச் சிரைத்தார்கள். ஏழு வருட ஒப்பந்தம். கதாநாயகியின் தோழி, குதிரை வண்டியில் அழுகிறவள், இடைவேளைக்குள் செத்துப்போகிறவள் என்று இருபதுக்கும் மேற்பட்ட படங்கள்.

ஒரே ஒரு படத்தில் முக்கிய வேடம். கொலையை ஒட்டுக்கேட்டுவிட்ட டெலிபோன் ஆபரேட்டர். படம் வெளியான அன்று தியேட்டரில் உட்கார்ந்த ரோஸுக்கு, திரையில் தன் வாயிலிருந்து வேறு யாரோ பேசுவது கேட்டது. ஆலைத் தொழிலாளி மகளின் உச்சரிப்பு சரியில்லை என்று, அவரிடம் சொல்லாமலே வேறொருத்தியைப் பேச வைத்திருந்தார்கள். ரோஸ் தயாரிப்பாளரின் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டார். அதோடு வேடங்கள் நின்றன. சம்பளமில்லாமல் உட்கார வைத்தார்கள். ஆனாலும் ஏழு வருடமும் முடியும்வரை ஒப்பந்தத்திலிருந்து விடவில்லை. விடுதலையாகி வெளியே வந்தபோது கூப்பிட ஆளில்லை. நியூ ஜெர்சிக்கே திரும்பி, பெரிய துணிக்கடை ஒன்றில் கையுறை விற்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே வயதானார். கல்யாணமும் செய்தார், கணவர் போய் வெகு காலமாயிற்று. பிள்ளைகள் இல்லை.

"என் குரலை எடுத்தார்கள். முகத்தையாவது விட்டு வைத்தார்களே" என்று சிரிப்பார்.

போன வசந்தத்தில் ஒரு பிற்பகல் ரோஸ் போன் செய்தார்.

"பத்மா, நான் டிவியில் வந்தேன்."

"பழைய படமா?"

"இல்லை. ஏதோ மாத்திரை விற்கிறேன்."

பத்மராணி முதலில் நம்பவில்லை. ஆனாலும் போய் அவரோடு சோபாவில் உட்கார்ந்தாள். செய்திகளுக்கு நடுவே அந்த விளம்பரம் வந்தது. இருபத்திரண்டு வயது ரோஸ், இந்தக் காலத்துச் சமையலறை ஒன்றில், வண்ணத்தில் நடந்து வந்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "நான் ரோஸ் அலர்டன். எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. எதையும் நான் மறக்கவில்லை" என்று சொல்லி, ஞாபக சக்தி மாத்திரைப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"இதை நான் எப்போது சொன்னேன்?" என்று கேட்டார் ரோஸ்.

கம்ப்யூட்டரில் இப்படியெல்லாம் செய்கிறார்கள் என்று பத்மராணி படித்திருந்தாள். அதைச் சொன்னாள். ரோஸ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டெக்சஸிலிருந்த கிரெக்கைக் கூப்பிட்டார்கள். ரோஸின் அக்கா மகன். முந்தின வருடம் ரோஸ் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து, அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் உரிமை அவனிடம் இருந்தது.

கிரெக் கோபப்படவில்லை. "சித்தி, அந்தக் கம்பெனி உங்கள் பழைய படத்தை விளம்பரத்துக்குக் கேட்டதை வீடியோ காலில் விளக்கிவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் தலையாட்டினீர்கள். மறந்துவிட்டீர்கள்" என்றான்.

"நான் தலையாட்டவில்லை."

"பரவாயில்லை, சித்தி. மறதி வருவது சகஜம்தானே."

ரோஸ் போனைப் பத்மராணியிடம் கொடுத்தார். பிறகு பேசுவதாகச் சொல்லி அவள் போனை வைத்தாள். அந்த வீடியோ காலின்போது அவள் அங்கே இல்லை. ரோஸுக்குக் காது மந்தம். கேட்காவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டும் பழக்கம் உண்டு. அதை நினைத்தபோது, தன் தோழி சொல்வதையே ஒரு கணம் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாயிருந்தது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது ரோஸே பேச்சை எடுத்தார். "டிவியில் நான் வருகிறேன். நான் சொல்லாததையெல்லாம் சொல்கிறேன்." இளம் டாக்டர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பத்மராணி தன் போனில் அந்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டினாள். "அழகாக இருக்கிறதே" என்றார் டாக்டர். பிறகு கிரெக்கை ஸ்பீக்கரில் அழைத்தார். சம்மதித்ததைச் சித்தி மறந்துவிட்டார் என்று கிரெக் அமைதியாகச் சொன்னான். டாக்டர் இன்றைய தேதி, ஜனாதிபதியின் பெயர் எல்லாம் கேட்டார். ரோஸ் சரியாகவே சொன்னார். ஆனால் கடைசியில் குரலை உயர்த்தி, "அது என் முகம்!" என்று மேசையைத் தட்டினார். டாக்டர் ஏதோ டைப் செய்துகொண்டார். பிறகு பத்மராணியின் பக்கம் திரும்பி, "நீங்கள் குடும்பமா?" என்று கேட்டார்.

"பக்கத்து வீடு" என்றாள் பத்மராணி.

அவளை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தவள் கணவர் செல்வராஜாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "உண்மையைச் சொன்னதுக்கு அந்த மனிசியை விசரி, பைத்தியக்காரி ஆக்கிப்போட்டாங்கள். நான் பக்கத்தில நிண்டும் ஒண்டும் செய்யேலாமப் போச்சு."

செல்வராஜா தன் சிநேகிதரின் மகன் ஷாந்தனுக்குப் போன் செய்தார். ஷாந்தன் வக்கீல். பொறுமையாகக் கேட்டான். "ஆன்ட்டி, இது கஷ்டமான கேஸ். பவர் ஆஃப் அட்டர்னி, அந்தக் கையெழுத்து உரிமை, கிரெக்கிட்ட இருக்கு. நீங்க ஃபேமிலியும் இல்ல. கோர்ட் உங்கட பேச்சைக் கேக்காது."

"அவவே வந்து சொன்னா?"

"டாக்டர் இப்ப மறதி நோய் எண்டு எழுதினதுக்குப் பிறகு, அவ சொல்றதையும் நம்ப மாட்டினம். ஐ ஆம் சாரி, ஆன்ட்டி."

முதியோர் நலன் பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் அவள் முறையிட்டாள். ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள். வீடு சுத்தம், சாப்பாடு இருக்கிறது, அக்கா மகன் அக்கறையானவன் என்றாள். அது எதுவும் பொய்யில்லை.

கோடை முடிவதற்குள் கிரெக் வந்தான். தன் வீட்டுக்குக் கிட்ட இர்விங்கில், மறதி நோயாளிகளுக்கான இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன. அவரைத் தனியாக விட்டுவிட்டுத் தன்னால் தூங்க முடியவில்லை என்று சொன்னான். பத்மராணிக்கு அவனை வெறுக்கவும் முடியவில்லை.

ரோஸ் அழவில்லை. பத்மராணி உடுப்புகளை மடித்து வைக்க, கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்தில் ஒப்பந்தத்தில் ஏழு வருஷம் என்றாவது சொன்னார்கள்" என்றார். காரில் ஏறுமுன் பத்மராணியின் கையைப் பிடித்தார். "நீ நம்புகிறாய் அல்லவா?"

"நம்புகிறேன், ரோஸ்."

அதற்குமேல் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை.

பத்மராணியின் மகள் லக்சனா இர்விங்கில்தான் இருந்தாள். அந்த ஊரின் லாஸ் கொலினாஸ் பகுதியில் ஆபீஸ். நவம்பரில் நன்றி நாள் விடுமுறைக்கு அங்கே போனபோது பத்மராணி மகளையும் கூட்டிக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போனாள். வெளிச்சமான, பூ வைத்த, நல்ல இடம். ரோஸ் பெரிய ஹாலில் சக்கர நாற்காலியில் இருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. பத்மராணியை அடையாளம் தெரிந்தது. கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

அப்போது டிவியில் அந்த விளம்பரம் வந்தது. ஒரு பணிப்பெண் உற்சாகமாகக் கை தட்டினாள். "ரோஸ், பாருங்கள், யார் வந்திருப்பது? அது நீங்கள்தானே?"

ரோஸ் நிமிர்ந்தார். தாடையைச் சற்று உயர்த்தி, பழைய போட்டோக்களில் இருப்பதுபோலச் சிரித்தார்.

"ஆமாம், நான்தான்" என்றார். "நான்தான் சொன்னேன்."

பணிப்பெண் மகிழ்ந்துபோய் நகர்ந்தாள். ரோஸின் சிரிப்பு அந்த நிமிடமே அணைந்தது. பத்மராணியைக் கிட்ட இழுத்து அவள் காதில், "இல்லை என்று சொன்னால் ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டால் நாள் முழுக்கத் தூக்கம்" என்றார்.

பொறுப்பாளரைத் தேடிப் போய்க் கேட்டாள் பத்மராணி. குடும்பத்தினரிடம் மட்டும்தான் பேச முடியும் என்றார்கள், மிகப் பணிவாக.

காரில் ஏறியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. லக்சனா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வண்டியை எடுக்காமல் இருந்தாள்.

"அம்மா, யூ டிட் எவ்ரிதிங் யூ குட்."

"செய்தன். என்னத்துக்கு உதவினது?"

விடுமுறை முடியும்வரை தினமும் போய் ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் விளம்பரத்தைப் பற்றிப் பேசவில்லை. கடைசி நாள் ரோஸ் போலந்து மொழியில் ஒரு பாட்டை முணுமுணுத்தார். தன் சொந்தக் குரலில்.

ஜனவரியில் கிரெக் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டார், வேதனையில்லை என்றான். நன்றி சொன்னான். பத்மராணியும் நன்றி சொன்னாள்.

அன்று மாலை செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டு வயது ரோஸ் சமையலறைக்குள் நடந்து வந்து, எதையும் மறக்கவில்லை என்றாள். செல்வராஜா ரிமோட்டை எடுத்தார்.

"நிப்பாட்டட்டே?"

"நாங்கள் நிப்பாட்டினா, அடுத்த வீட்டில ஓடும்" என்றாள் பத்மராணி.

அவர் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். விளம்பரம் முடிந்து வானிலை அறிக்கை தொடங்கியது.