ஓடிபி யாருக்குங்க?

1

இந்தக் கதை எனக்கு ஒரு காதுகுத்து விருந்தில் கிடைத்தது. அயோத்தியாப்பட்டணத்து மண்டபத்தில் பாயசத்துக்குக் காத்திருந்தபோது, பக்கத்து இலையில் இருந்த என் சித்தி மகள் சௌந்தர்யா மெல்லக் கேட்டாள்: "ஏனுங்ண்ணா, நீங்க கதையெல்லாம் எழுதறீங்கல்ல? எனக்கு ஒண்ணு நடந்திருக்குது. அதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க பாக்கலாம்."

'என் வாழ்க்கையை எழுதினால் பெரிய புத்தகமாகும்' என்று வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முடிவு மட்டும் கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். அந்த முடிவுக்காகத்தான் எழுதுகிறேன், இலக்கியச் சேவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டையும் பாருங்கள்.

"திருச்செங்கோட்டு மலையிலிருந்து வெயில் மெல்ல இறங்கி—"

வேண்டாம். வெயில் எல்லா ஊரிலும் மேலிருந்துதான் இறங்குகிறது.

"சௌந்தர்யா ஒரு சாதாரணப் பெண்—"

படித்தால் சண்டைக்கு வருவாள். வரட்டும், நியாயம்தான்.

"அந்த அலுவலகத்தில் எந்த இயந்திரமும் சொன்ன பேச்சைக் கேட்காது."

இது நிற்கட்டும். (இதை எழுதி முடித்ததும் என் மடிக்கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. 'அணைக்க வேண்டாம்' என்று கெஞ்சியது. நான் அணைக்கவில்லை, எங்கள் அம்மாபேட்டையில் கரண்ட் போனது, பேட்டரி செத்துப் பல நாளாயிற்று. நீங்கள் படிப்பது திரும்ப எழுதியது. முன்பு எழுதியது இதைவிட நன்றாக இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.)

3

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டிகளுக்கான ஓர் அலுவலகம். வண்டிகள் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். பர்மிட், டீசல், பழுது எல்லாவற்றையும் சௌந்தர்யா இங்கே உட்கார்ந்து போனிலேயே சமாளிப்பாள். அந்த ஊர்ப் பெட்ரோல் பங்க்காரர்களோடு சண்டை போட்டுப் போட்டே இந்தி கற்றவள். அந்த வேலை அவளுக்கு உயிர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வேலை போய்விடுமோ என்பதுதான் இந்தக் கதையின் பயம்.

மற்றவர்கள் மூன்று பேர். முதலாளி சின்னுசாமி, கணக்குப் பார்க்கும் சபரிநாதன், கணினியும் விளம்பரமும் பார்க்கும் கௌசிக்.

வருகை பதியும் கருவிக்கு முகத்தைக் காட்ட வேண்டும். பொட்டு கொஞ்சம் பெரிதானால் சௌந்தர்யாவை யாரென்றே தெரியாது என்கிறது. பிரிண்டர், அவசரம் என்று தெரிந்தால் போதும், தாளைக் கவ்விக்கொள்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி ஓடிபி. வண்டி வரி, இன்சூரன்ஸ், சுங்கச்சாவடி என எந்த இணையதளத்தில் நுழைந்தாலும் அது ஒரே எண்ணுக்குத்தான் வரும். முன்பு அந்த எண் சின்னுசாமியின் சட்டைப் பையில் இருந்தது. அவர் எங்கேயாவது கிடாவெட்டில் இருப்பார். இங்கே தளம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிடும். சலித்துப்போய் அவர் அந்த எண்ணை ஒரு பழைய போனில் போட்டு, அர்த்தநாரீசுவரர் படத்துக்கு அடியில் சார்ஜில் வைத்துவிட்டார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. வேண்டியவர் தன் இடத்தில் இருந்தே "ஓடிபி!" என்று குரல் கொடுப்பார். போனுக்குப் பக்கத்தில் இருப்பவர் எண்ணை மட்டும் சத்தமாகப் படிப்பார். யார் கேட்டது, எதற்கு என்று பார்ப்பதில்லை. அதற்கெல்லாம் ஏது நேரம்? போனுக்குப் பக்கத்தில் இருப்பவள் சௌந்தர்யா.*

* போன்மேல் திருநீறு படிந்திருந்தது என்று எழுத ஆசைப்பட்டேன். "இல்லீங்ண்ணா, நாந்தான் தெனமும் தொடச்சு வெப்பேன்" என்று கெடுத்துவிட்டாள்.

4

போர் போட்டுத் தண்ணீர் பீறிடும் காட்சிகளைக் கௌசிக் இணையத்தில் விளம்பர வீடியோவாகப் போடுவான். குரல் சௌந்தர்யாவுடையது. "தண்ணி வந்துருச்சுங்க!" என்று அவள் கூவுவதைக் கேட்கவே ஆட்கள் சேர்ந்தார்கள். கூடவே கருத்துப் பெட்டிக்குள் 'உண்மை விளம்பி' என்ற முகமில்லாத கணக்கு ஒன்றும் வந்தது. முதலில் குரலைக் கேலி செய்தான். பிறகு அவளை ரிக் டிரைவர்களோடு சேர்த்து

[இங்கே அவன் எழுதியதில் ஒன்றை அப்படியே போட்டிருந்தேன். அடித்துவிட்டேன். அவன் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்? 'அவன்' என்கிறேன். அதுகூட எனக்கு உறுதியில்லை.]

சௌந்தர்யா அழித்தால் மறுபடி எழுதினான். தடுத்தால் கொஞ்ச நாளில் வேறு எழுத்தைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் வந்தான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒருநாள் மதியம் இப்படி ஒரு கருத்து: 'இன்னைக்கு மஞ்சச் சுடிதாரா?'

வீடியோவில் அவள் குரல் மட்டும்தான் உண்டு. ஆள் தெரியாது. அன்று அவள் உடுத்தியிருந்தது மஞ்சள்தான். நிமிர்ந்து பார்த்தாள். மூன்று தலைகளும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

"ஊட்டுல சொல்லலியா?" என்று கேட்டேன்.

"சொன்னா முடிஞ்சுதுங்ண்ணா. வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஊட்டோட கெடன்னு மாமியார் சொல்லும். அவரும் ஆமாம்பாரு."

சைபர் போலீசுக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். "அங்கயும் மொதல்ல ஊட்டுக்காரர் பேரைத்தானுங்க கேப்பாங்க" என்றாள்.

5

இனி நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால், அந்தக் கணக்கின் போன் எண்ணில் கடைசி இலக்கங்கள் தெரியும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். 'உண்மை விளம்பி'யின் பெயரைப் போட்டு அழுத்தினாள். தெரிந்த இலக்கங்களைத் தினமும் ஏதாவது ஒரு பர்மிட்டில் அவளே அடித்திருக்கிறாள். நம்ப முடியாமல், 'எண்ணுக்குக் குறியீடு அனுப்பு' என்பதையும் அழுத்தினாள்.

சாமி படத்துக்கு அடியில் போன் கினிங் என்றது.

"அந்தக் கணக்க ஆரம்பிச்சப்பவும் ஓடிபி அந்தப் போனுக்குத்தானுங்களே வந்திருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். கை இலையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தது. "யாரோ சத்தம் போட்டிருப்பாங்க. நாந்தானுங்ண்ணா படிச்சுச் சொல்லியிருப்பேன். என்னையத் திட்டறதுக்கு நானே கதவத் தொறந்து உட்டிருக்கறேன்."

அதற்குள் பாயசம் வந்தது. வேண்டாமென்று இலையை மூடினேன்.

6

முடிவுகள்.

(அ) கௌசிக். வீடியோ போடுபவன், தொழில்நுட்பம் அறிந்தவன். அதனாலேயே வேண்டாம். அத்தனை விவரம் தெரிந்தவன் அலுவலக எண்ணையா கொடுப்பான்? (கொடுக்கலாம். அங்கே தேடமாட்டார்கள் என்று நினைக்கலாம்.)

(ஆ) சின்னுசாமி. அவளை மகளைப் போல "சாமி" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தட்டச்சு வராது என்று எழுதியிருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, இப்போதெல்லாம் போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

(இ) சபரிநாதன். அதிகம் பேசாதவர். இரண்டு நாள் அவர்தான் என்று உறுதியாக இருந்தேன். அதிகம் பேசாதவரைக் குற்றவாளியாக்குவது எழுத்தாளனின் சோம்பேறித்தனம். அப்படி எழுதினால், பெயர் போடாமல் திட்டுகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தி—

(ஈ) அவளே அந்தக் குறியீட்டைப் போட்டு, உள்ளே போய்ப் பார்த்துவிடுவது. இதை மண்டபத்திலேயே சொன்னேன், வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். "வேண்டாங்ண்ணா. உள்ள என்னென்ன எழுதி வெச்சிருக்குதோ. அதையெல்லாம் படிச்சுட்டு நான் எப்படிங்க நாளைக்குச் சோறு திங்கறது?"

நான்கும் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவதை யோசித்து அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"மறுபடியும் குறியீட்டை வரவழை. வழக்கம்போலச் சத்தமாகப் படி. ஆனால் எண்ணை மட்டும் படிக்காதே. எந்தக் கணக்குக்கு என்பதையும் சேர்த்துச் சொல்."

சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. கதைக்கு எவ்வளவு பொருத்தமான முடிவு! போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அங்கே நிற்கப்போவது என் கதாபாத்திரம் இல்லை, என் தங்கை.

7

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் இருந்து கூப்பிட்டாள். பின்னால் எடப்பாடி பஸ்ஸின் ஹாரன்.

"படிச்சனுங்ண்ணா."

"என்னன்னு?"

"ஓடிபி வந்திருக்குது, 'உண்மை விளம்பி' கணக்குக்கு. யாருக்குங்க வேணும்னு கேட்டேன். நல்லா சத்தமா."

"யாராவது நிமிர்ந்தாங்களா?"

"மூணு பேரும் நிமிந்தாங்க."

"யார் முகம் மாறுச்சு, அதைச் சொல்லு."

போனில் ஹாரன் மட்டும் கேட்டது. பஸ் போய்விட்டதோ, போன் போய்விட்டதோ என்று பயந்து "அம்மணி, அம்மணி" என்று கூப்பிட்டேன்.

"மூணு பேரு மூஞ்சியுமே மாறுச்சுங்ண்ணா."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. எழுதியவர் ஒருவராகவே இருக்கட்டும். மற்ற இருவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. இத்தனை நாளும் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டு, காலையில் அவளிடம் ஓடிபி கேட்டிருக்கிறார்கள், டீ குடித்திருக்கிறார்கள்.

"ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலீங்க," என்றாள். அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. "அப்புறம் முதலாளி, 'என்ன சாமி அது?'ன்னாரு. என்னான்னு உங்களுக்கே தெரியுமுங்கன்னு சொல்லிட்டு பேக்க எடுத்துட்டு வந்துட்டேன்."

"வேலை?"

"நாளைக்குப் போவேன். நானெதுக்குங்க வேலைய உட்டு நிக்கோணும்? ஊட்டுக்குப் போயி இன்னைக்கே அவருகிட்டச் சொல்லிப்போடறேன். சண்ட வந்தா வரட்டும். பஸ் வந்துருச்சு, வெக்கறேன்."

சாயங்காலத்துக்குள் அந்தக் கணக்கு காணாமல் போயிருந்தது.

8

எழுதியது யார் என்று இங்கே நான் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். மூன்றில் ஒருவரைச் சொன்னால் மற்ற இருவரும் தப்பிவிடுவார்கள் என்பது இன்னொன்று. அவள் வீட்டில் என்ன நடந்தது என்றும் நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருக்கிறது.

ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனசுக்குள் ஒருவரை முடிவு செய்திருப்பீர்கள். இந்தக் கதை இணைய இதழில் வெளியாகிறது. இந்த வரிக்குக் கீழே கருத்து எழுத ஒரு பெட்டி இருக்கிறது. பெயர் கட்டாயமில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அவள் அப்படிச் செய்திருக்கக் கூடாது, அந்த மாதிரி வீடியோவுக்குக் குரல் கொடுத்தது ஏன் என்றெல்லாம்கூட அதில் எழுதலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

கதை வந்ததும் சௌந்தர்யாவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். கதையை அவள் அப்புறம்தான் படிப்பாள். முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பாள்.