பொறந்த ஊட்டுக் கோடி

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தங்கசாமி மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். உள்ளே வெள்ளைச் சேலை ஒன்று இருந்தது. தங்கச்சி சென்னியம்மாளின் உடம்பின்மேல் போடுவதற்கு வரும் வழியில் நாமக்கல்லில் எடுத்த கோடி.

காலையில் சாவுச் சேதி வந்தபோது மோகனூர்த் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைப் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார். "செத்தாலும் கோடி போட மாட்டேன்னு சொன்ன வாயி எங்கீங்க போச்சு?" என்று பொஞ்சாதி ராமாயி கேட்கக் கேட்க வாசலைத் தாண்டிவிட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அந்தக் கதைதான்.

இந்தச் சீமையில் பொம்பளை செத்தால் பொறந்த வீட்டுக் கோடி விழாமல் எடுக்க மாட்டார்கள். கோடி வராத பிணம் நாதியற்ற பிணம். அதனால்தான் அன்றைக்கு ஆத்தங்கரையில் அவர் அந்த வார்த்தையைத் தேடிப்பிடித்துச் சொன்னார். புருஷன் இருமி இருமிச் செத்தபின் கைக்குழந்தையோடு கிடந்த சென்னியம்மாளை எட்டிப் பார்த்த ஒரே ஆள் கிறிஸ்தவ சபை உபதேசியார் வீட்டம்மாள். கஞ்சி கொண்டுவந்தாள், கூடவே ஜெபமும் கொண்டுவந்தாள். கடைசியில் சென்னியம்மாள் அண்ணன் ஊரிலேயே, மோகனூர் காவேரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. "இனி எனக்குத் தங்கச்சியே இல்ல. நீ செத்தாலும் பொறந்த ஊட்டுக் கோடி வராது" என்று தங்கசாமி கத்தினார். முந்தானையைப் பிழிந்துகொண்டே அவள், "சரிங்கண்ணா. வெயில்ல நிக்காதீங்க, ஊட்டுக்குப் போங்க" என்றாள்.

அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் தவறாமல் தூக்குப்போசியில் அதிரசம் வரும். தங்கசாமி அதை எருமைக்குப் போட்டுவிட்டுப் பாத்திரத்தை மட்டும் திருப்பி அனுப்புவார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? இன்றைக்கு எப்படியும் அள்ளிவிட வேண்டும் என்றுதான் வந்தார். சபைக்காரர்கள் கோடி போட விடுவார்களா என்பது ஒன்றுதான் பயம். காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம்.

பந்தலில் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அங்கம்மாள் எழுந்து எதிரே வந்தாள்.

"வாங்க. ஆயிரந்தான் இருந்தாலும் அண்ணன் அண்ணந்தானுங்க. தாலியறுத்த தங்கச்சிக்கு அரக்குக் கலர்ல கோடி அனுப்ப எந்த அண்ணனுக்கு மனசு வரும்? பாத்துட்டு எனக்கே அழுகை வந்துருச்சு."

தங்கசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சவப்பெட்டிக்குள் பார்த்தார். சென்னியம்மாள் இத்தனை வருஷமும் கட்டிய வெள்ளையோடுதான் கிடந்தாள். அதன்மேல் கழுத்திலிருந்து கால்வரை, மடிப்புக் கலையாத அரக்குச் சேலை, பச்சைக் கரை போட்டது. முகம் பாதியாகச் சிறுத்திருந்தது.

உபதேசியார் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சடங்கெல்லாம் வேண்டாம்னுதாங்க மொதல்ல சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். அண்ணன் தங்கச்சிக்கு ஆசையா எடுத்த துணி. இதுல என்னங்க பாவம் இருக்குது?"

"நான்..." என்று தங்கசாமி பைக்குள் கையை விட்டார்.

அதற்குள் சென்னியம்மாளின் மகள் வசந்தாமணி ஓடிவந்து, "மாமா!" என்று அலறித் தோளில் விழுந்தாள். அழுகைக்கு நடுவே காதோடு, "மாமா, பைய விரிச்சிராதீங்க" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால், தண்ணித் தொட்டி ஓரமாக அவரைக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"அம்மாவே நாமக்கல் போயி எடுத்தாந்து தகரப் பெட்டியில வெச்சிருந்துச்சுங்க. 'எங்கண்ணன் ரோசக்காரரு, சொன்னாச் சொன்னதுதான், வர மாட்டாரு. ஆனா கோடி வரலீன்னா ஊரு அவரைத்தான் பேசும். மாமன் ஆள்கிட்டக் குடுத்தனுப்புனாருன்னு சொல்லீரு'ன்னுச்சு."

"பொய்யா? உங்கம்மாளா?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'அதெக் கர்த்தர்கிட்ட நான் போயிப் பேசிக்கிறேன், நீ சும்மா இரு'ன்னுருச்சு."

தங்கசாமி தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அரக்கு எதுக்குக் கண்ணு?" என்றார்.

"வெள்ளை எடுத்தா எங்கண்ணனுக்குக் கை சின்னதுன்னு ஆயிருமே, அப்பிடின்னுச்சுங்க மாமா."

அவருக்குப் பையை அங்கேயே புதைத்துவிடலாம் போலிருந்தது. கடையில் கலர்ச் சேலைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவர்தான் வெள்ளையைக் கேட்டு வாங்கினார். தாலியறுத்தவளுக்கு வேறென்ன என்று கடைக்காரனிடம் சொல்லவும் செய்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. இப்போது பந்தலில் போய், 'நான் கொண்டாந்தது இதுதான்' என்று விரித்தால் அவர் மனசு ஆறும். ஆனால் தங்கச்சி, பொய் சொன்னவளாகச் சபை முன்னால் கிடப்பாள்.

பந்தலில் ஆணி அறையும் சத்தம் கேட்டது.

"வாங்க மாமா, எடுக்கப் போறாங்க" என்றாள் வசந்தாமணி.

கல்லறைத் தோட்டம் வரைக்கும் பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தார். யாரோ மாற்றிக்கொள்ள வந்தார்கள், விடவில்லை. மஞ்சள் பை மறு அக்குளிலேயே இருந்தது. உபதேசியார் ஜெபம் பண்ணி முடித்தார். பெட்டி குழிக்குள் இறங்கியது.

"கோடி போட்ட கைதான் மொதப் பிடி போடோணும். வழி உடுங்க" என்று அங்கம்மாள் கூட்டத்தை விலக்கினாள். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

குழி வெட்டிய செங்கோடன் கையை நீட்டினான். "பைய இப்பிடிக் குடுங்க சாமி. ரெண்டு கையிலயும் அள்ளிப் போடுங்க."

"வேண்டாம்" என்றார் தங்கசாமி.

பையை இறுக்கிக்கொண்டு குனிந்து, ஒற்றைக் கையால் மண்ணை அள்ளினார்.