கைப்பிடி உயரம்

நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராகவும், பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டராகவும் இருந்தவன் எப்படி நம்புவான்? குன்றக்குடி பக்கம் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி ஏறினால், முதலில் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். முகம் நன்றாக நடிக்கும். கையைப் பார்ப்பேன். டிக்கெட் வாங்காதவன் கை சும்மா இருக்காது, சட்டைப் பையைத் தடவும், வேட்டி மடிப்பைத் தடவும், இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கும். இந்த உபகாரசாமி ஏறிவிட்டான் என்றால் திருப்பத்தூர் ரூட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துகொள்வான். அப்பேர்ப்பட்டவனுடைய வாக்கரிலேயே யாரோ கைவைத்தார்கள்.

ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன். இரண்டு மாதம் சக்கரம் இல்லாத வாக்கரை அடிக்கு ஒரு தடவை தூக்கி வைத்து நடந்தேன். அப்புறம் சக்கரம் வைத்ததுக்கு மாறலாம் என்றார் டாக்டர். என்னைக் காரில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் மருமகள் மெர்சி.

கடைக்காரர் பெரிய வண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். நாலு சக்கரம், அகலமான இருக்கை, பின்னால் சாய்மானம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, டெப்போ மேனேஜர் நாற்காலி மாதிரி இருந்தது. மெர்சி பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து அளந்தாள்.

"இது வேண்டாம் மாமா. நம்ம பாத்ரூம் கதவுல நுழையாது."

"நீ எப்ப அந்தக் கதவ அளந்த?"

"காலையிலதான். அளக்காம வந்தா வாங்கிட்டு வாசல்லயே வச்சுக்கிற வேண்டியதுதான்."

சிறியதாக ஒன்றை எடுத்தாள். சைக்கிள் மாதிரி கையில் பிரேக், நடுவில் உட்கார ஒரு பலகை, கீழே துணிப்பை. இவளுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று அப்போதே எனக்குள் ஒன்று முணுமுணுத்தது.

காரணம் இருந்தது. என் மகன் மரிய ஆனந்துக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆகி, அவன் முன்னாலேயே போய்விட்டான். மெர்சி இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். மே மாதக் கடைசியில் அவளும் போய்விடுவாள். நானும் என் மனைவியும் என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது மகன் ஒரு கணக்குச் சொன்னான்.

"நீங்களா எந்திரிச்சு, நீங்களா பாத்ரூம் போயிட்டு வந்துட்டா, மத்தத அம்மா பாத்துக்கிருவாக. இங்கயே இருங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் எங்களோட கோயம்புத்தூருக்கு வந்துருங்க. மே கடைசி ஞாயித்துக்கிழமை வந்து நானே பாக்குறேன்."

கோயம்புத்தூரில் நாலாவது மாடி. இந்த வீடு நான் கட்டியது. சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ரிட்டயர் ஆன நாலு பேரோடு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைக் குறை சொன்னால்தான் எனக்கு அன்றைய சோறு செரிக்கும். நாலாவது மாடியில் யாரைக் குறை சொல்வது? எப்படியாவது நடந்துகாட்டி இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

நடைப் பயிற்சி கொடுக்க சௌபர்ணிகா என்ற பெண் வாரம் இரண்டு நாள் வருவாள். பேத்தி வயது, ஆனால் அதட்டல் பலமாக இருக்கும்.

"நேரா நில்லுங்க அய்யா. கையைத் தொங்க விடுங்க. உங்க மணிக்கட்டு மடிப்பு எங்க வருதோ, அங்கதான் கைப்பிடி இருக்கணும்."

கைப்பிடிக் கம்பியில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்ட துளைகள். எனக்கு நாலாவது துளை சரியாக வந்தது. இரண்டு பக்கமும் திருகை இறுக்கினாள். "இதுக்குக் கீழ இறங்குனா குனிஞ்சிருவீங்க. வண்டி முன்னால ஓடும், நீங்க பின்னால தொங்குவீங்க. உட்காருறதுக்கு முன்னால ரெண்டு பிரேக்கையும் கீழ அமுக்கிப் பூட்டணும். மறந்தா தரைதான்."

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. பத்தே நாளில் கட்டிலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து குளியலறை என்று தனியாகப் போய் வந்தேன். பவுலின், என் மனைவி, சுவர் ஓரமாக நின்று பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மே முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் எழுந்து வண்டியைப் பிடித்தேன். முதுகு இழுத்தது. இரண்டு அடி போனதும் வண்டி முன்னால் ஓடப் பார்த்தது. உட்கார்ந்து கவனித்தால் கைப்பிடி மூன்றாவது துளையில் இருந்தது, இரண்டு பக்கமும். நானே திருகி ஏற்றினேன். மூன்று நாள் கழித்து மறுபடியும் மூன்று. அடுத்த வாரம் ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் மூன்று. அன்றைக்கு வண்டி கோணிக்கொண்டு போய்க் கதவில் முட்டியது.

திருகு தானாகக் கழலலாம். ஆனால் தானாக இறங்கி, அடுத்த துளையில் தானாக இறுகிக்கொள்ளுமா? யாரோ செய்கிறார்கள். நான் நடக்கக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் செய்கிறார்கள்.

என் சந்தேகம் நேராக மெர்சியிடம் போய் நின்றது. அவள் புருஷனோடு போனில் பேசியதை ஒருநாள் நானே கேட்டேன். "அத்தை நம்மகூட வந்துட்டாத்தாங்க எனக்கு நிம்மதி" என்றாள். அங்கே இவள் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்க, சோறு பொங்க ஆள் வேண்டாமா? பவுலினைக் கொண்டுபோக வேண்டுமென்றால் என்னை நடக்க முடியாதவனாக ஆக்க வேண்டும். துளை ஒன்றைக் குறைத்தால் போதும். ரத்தம் இல்லை, சத்தம் இல்லை. டீச்சர் மூளை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் காபி கொடுத்தால் கையைப் பார்த்தேன். அந்தக் கை பாட்டுக்கு டம்ளரை வைத்துவிட்டுப் போயிற்று. கைதேர்ந்த ஆள்தான் என்று சந்தேகம் இன்னும் கூடியது.

பவுலினிடம் சொன்னேன். "உன் மருமக என் வண்டியில கைய வைக்கிறா."

அவள் முகம் வெளுத்தது. "சும்மா இருங்க. அந்தப் புள்ள மேல பழி போடாதீக. பாவம் வந்து சேரும்."

"அப்ப யாரு செய்றா? நீ செய்றியா?"

"நான் எதுக்குச் செய்யப்போறேன்? போங்க, போய்ப் படுங்க." சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். மருமகளை எப்போது பார்த்தாலும் தாங்கிப் பேசுகிறாளே என்று அவள் மேலும் எரிச்சல் வந்தது.

பிடிக்காமல் விடுவதில்லை என்று இறங்கினேன். பழைய டைரியிலிருந்து காகிதத்தை மெல்லிசாகக் கிழித்து, திருகுக்கும் கம்பிக்கும் நடுவில் சொருகினேன். திருகைத் தொட்டால் காகிதம் விழும். லீவு என்றாலும் அட்மிஷன் வேலைக்கு மெர்சி பள்ளிக்கூடம் போய்வருவாள்; அவள் கிளம்பும்போது பார்த்தேன், காகிதம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போதும் இருந்தது. நாலு மணிக்கு எழுந்தேன். கீழே கிடந்தது. கைப்பிடி மூன்று.

மெர்சி இன்னும் வரவில்லை. நாலரைக்குத்தான் அவள் வண்டிச் சத்தம் கேட்கும். பாத்திரம் தேய்க்கும் முத்தழகு காலையிலேயே போய்விடுவாள். பேரப்பிள்ளைகள் லீவுக்கு மெர்சியின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தது நானும் பவுலினும்தான். என் மூளை அப்போதும் பவுலினிடம் போகவில்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்ததா, யாராவது வந்தார்களா என்றுதான் ஓடியது. கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் அவளை மட்டும் நான் சோதித்ததே இல்லை. பாஸ் வைத்திருப்பவர்களைத் தாண்டிப் போவது போல அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, மகன் வருவதற்கு முதல் நாள், மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டேன். மெர்சி சர்ட்டிபிகேட் வேலை என்று பள்ளிக்கூடம் போயிருந்தாள். கால் மணி நேரத்தில் கட்டிலோரம் மூச்சுச் சத்தம். பிறகு சக்கரம் மெதுவாக உருளும் சத்தம் கூடத்தைத் தாண்டிப் போயிற்று.

எழுந்தேன். வண்டி இல்லை. கட்டில், பிறகு பீரோ, பிறகு சுவர் என்று பிடித்துப் பிடித்துக் கூடத்துக் கதவு வரை போனேன். கோபத்தில் இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

கொல்லைக்குப் போகும் வழியில் பவுலின் நின்றுகொண்டிருந்தாள். கண்ணைக் கம்பியோடு ஒட்டவைத்துத் துளையைத் தடவித் தடவித் திருகை இறுக்கினாள். அவள் குள்ளம், இரண்டாவது துளைதான் அவளுக்குச் சரி. பிறகு இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இடது பாதம் தரையைவிட்டு எழும்பவே இல்லை, இழுத்துக்கொண்டே போனது. கொடியிலிருந்து துணியை எடுத்துப் பலகையில் போட்டாள். திரும்பும்போது முட்டி மடங்கி, கைப்பிடி மேல் அப்படியே கவிழ்ந்து, கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தாள். எனக்கு வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. போன வருஷமே அவள் காலைப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். முட்டி கடுகடுக்குது என்றாள், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். நான் விழுந்த பிறகு, "உங்களத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது" என்றாள், எனக்கு அதில் பெருமை வேறு. எப்போதும் சுவரோரமாகவே நடப்பது, உட்கார்ந்தால் நான் பார்க்கும்போது எழுந்திருக்காமல் இருப்பது, எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தவை. இரண்டுக்கு இறக்கியதை மறுபடி எனக்காக ஏற்றும்போது, புரை விழுந்த அவள் கண்ணுக்கு மூன்றும் நாலும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ பேரைப் பிடித்தவன், பக்கத்தில் படுத்திருந்தவளின் காலைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது.

சாயங்காலம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். "உனக்குக் காலு கீலு வலிக்குதா?"

"எனக்கென்ன? ஓடச் சொன்னா ஓடுவேன். நாளைக்கு நீங்க ஒழுங்கா நடந்து காட்டுங்க. அவன் கேட்டா, நான் பாத்துக்கிருவேன்னு சொல்லிப்புடுறேன். இந்த வீட்ட விட்டு உங்கள எவன் கெளப்புறான்னு பாக்குறேன்."

கண்ணைப் பார்த்துச் சொன்னாள். கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

எனக்காகத்தான் மறைக்கிறாள். அவளும் நடக்க முடியாதவள் என்று தெரிந்தால் நாளைக்கே மூட்டை கட்டச் சொல்வான் மகன். நான் நன்றாக நடந்தால் இங்கே இருக்கலாம். எனக்குச் சோறாக்கி, என் துணியைத் துவைத்து, நான் தூங்கும்போது என் வண்டியைத் திருடி நடந்து, ஒருநாள் விழுந்து கிடப்பாள். நான் போய்த் தூக்கவும் முடியாது. எனக்கு இந்த வீடு வேண்டும். ஆனால் அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்?

ஞாயிறு பூசை முடிந்த நேரத்துக்கு மரிய ஆனந்த் வந்து சேர்ந்தான். காபி குடித்தான். "எங்க, நடங்கப்பா பாப்போம்" என்றான்.

"வேட்டிய மாத்திக்கிட்டு வாரேன்" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு பக்கத் திருகையும் கழற்றி, கைப்பிடியை இரண்டாவது துளைக்கு இறக்கினேன்.

கூடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். நான் கூன் விழுந்தவனாக வந்தேன். வண்டி முன்னால் ஓடியது, கால் பின்னால் தங்கியது. பாதியில் பிரேக்கை இழுத்து நிறுத்தி, பூட்டி, பலகையில் உட்கார்ந்தேன்.

"முடியலடா."

"போன தடவை நல்லாத்தானப்பா நடந்தீக?"

"இப்ப முடியல. உங்ககூடவே வந்துர்றோம்."

மெர்சி குனிந்து கம்பியைப் பார்த்தாள். துளையின் எண்ணைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மகன் லாரிக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனதும், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை மார்ச்சுல கொல்லையில விழுந்துட்டாக மாமா. உங்ககிட்டயும் அவுககிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாக. எனக்கு ராத்தூக்கம் போச்சு."

இரண்டு வாரமாக இவள் கையை உற்று உற்றுப் பார்த்தேனே என்று தலை குனிந்துவிட்டது. "என்னைய மன்னிச்சிரு தாயி" என்றேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

பவுலின் அடுப்படியில் இருந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். அவள் திரும்பவில்லை.

"வேணும்னுதான செஞ்சீக?"

"இல்ல. நெசமாவே முடியல."

"நேத்து மத்தியானம் வண்டி இல்லாம, செவத்தப் பிடிச்சுக்கிட்டே கதவு வரைக்கும் வந்து நின்னீகளே. அது மட்டும் எப்படி முடிஞ்சது?"

சட்டைப் பையைத் தடவினேன். அதில் ஒன்றும் இல்லை.

"பாத்துட்டியா?"

"எனக்குக் கண்ணுதான் மங்கல். உங்க மூச்சுச் சத்தம் தெருவுக்கே கேக்குது." அழுதாள், கோபமாக அழுதாள். "உங்களுக்காகத்தான அம்புட்டையும் மறைச்சேன்? எல்லாத்தையும் பாழாக்கிப்புட்டீக."

"நீ விழுந்து கெடந்தா எனக்கு யாரு இருக்கா, பவுலின்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோறு போட்டாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் மெர்சி அட்டைப் பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பவுலின் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"அங்க லிப்ட்டுல இந்த வண்டி நுழையுமா?"

"நுழையும் அத்தை. அளந்து அனுப்பச் சொல்லிப் பாத்துட்டேன்."

"அதக் கேக்கல. ரெண்டு சேந்தாப்புல நுழையுமான்னு கேட்டேன்."