நடந்து வருபவர்களுக்கு வழி

கேஷவின் கார் சர்வீஸுக்குப் போயிருந்த திங்கட்கிழமை, கம்பெனி வண்டியில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வாகடில் அவன் குடியிருந்த அடுக்குமாடியிலிருந்து ஹிஞ்சேவாடி அலுவலகம் நாலே கிலோமீட்டர். ஆனால் இரண்டாயிரத்து ஏழில், அந்த நாலு கிலோமீட்டரைக் காரில் கடக்க முழுசாக ஒரு மணி நேரம் பிடித்தது.

"பேசாம நடந்தே போங்களேன்" என்றாள் மனைவி வைஜயந்தி. கிண்டலாகத்தான் சொன்னாள். கேஷவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பத்து நிமிடம் நடந்திருப்பான். நெரிசலில் நின்ற ஒரு வெள்ளைக் காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே, பின் சீட்டில் மேனேஜர் ரவிசந்திரன். திருநெல்வேலிக்காரர்.

"என்னவே, வண்டி எங்க?"

"சர்வீஸ்ல சார்."

"ஏறும், ஏறும்."

கேஷவ் கதவில் கை வைத்துவிட்டு முன்னால் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கார்கள். எதுவும் அசைகிற மாதிரித் தெரியவில்லை.

"இல்ல சார், எனக்குக் கொஞ்சம் அவசரம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

அலுவலக வாசலுக்கு அவன்தான் முதலில் வந்தான். ஆனால் காவலாளி உள்ளே விடவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிக்குத்தான் தடுப்புக் கம்பி உயருமாம். "பைதல்? பீச்சே கா கேட்" என்று இந்தியில் சொல்லி, கட்டிடத்தின் பின்பக்கம் கையைக் காட்டினான்; நடந்து வருபவர்களுக்குப் பின்வாசல்தானாம். சுற்றிக்கொண்டு அரை கிலோமீட்டர். அங்கே கேண்டீன் ஆட்களும் துப்புரவுப் பெண்களும் வரிசையில் நின்றார்கள். கேஷவ் வேலை பார்க்கும் மாடியைப் பெருக்கும் மேரியும் அதில் இருந்தாள். அதே நகரத்தின் கட்கிப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கல்யாணமாகி வாகடுக்கு வந்தவள்.

"அரே சார், நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"நடந்து வந்தேன் மேரி."

"மெயின் ரோட்லயா? அந்தப் புகையிலயா?" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஓடை ஓரமா ஒரு வழி இருக்கு சார், கரும்புக் காட்டை ஒட்டி. நாங்க அஞ்சு வருஷமா அதுலதான் வர்றோம்."

மறுநாள் கேஷவ் ஓடை வழியாக வந்தான். கொக்குகள் நின்றன, காற்று வீசியது, ஹாரன் சத்தமே இல்லை. வியாழக்கிழமை கார் திரும்பி வந்தது. வெள்ளியன்று அதில் போனவன், கிளட்சை மிதித்து மிதித்துக் கால் கடுத்து, யார் யாரையோ திட்டிக்கொண்டே இறங்கினான். அடுத்த திங்கள் முதல் காரை வீட்டிலேயே விட்டான். மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் திணித்துக் கொடுத்தாள் வைஜயந்தி.

"பூமியைக் காப்பாத்துதீரோ?" என்று லிஃப்டில் ரவிசந்திரன் சீண்டினார்.

"அது தெரியாது சார். ஒம்பது மணி மீட்டிங்கைக் காப்பாத்தறேன்."

பின்வாசல் விஷயம் மட்டும் கேஷவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. புகை விடுகிறவனுக்கு ராஜபாட்டை, விடாதவனுக்குச் சுற்று வழி; இது என்ன நியாயம்? நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினான். மேரியும் மற்றவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று வாரமாகியும் பதில் இல்லை.

ஜூலையில் ஒரு நாள் நல்ல மழை. ரவிசந்திரனுக்கு ஒன்பது மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டும். அவர் கார் பாலத்தடியில் சிக்கிக்கொண்டது. பொறுத்துப் பார்த்தவர், வண்டியை டிரைவரிடம் விட்டுவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"பீச்சே கா கேட், சார்" என்றான் காவலாளி.

அவர் போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது. காவலாளியோ, விதி விதிதான் என்று அசையாமல் நின்றான். சொட்டச் சொட்ட நனைந்து பின்வாசலைச் சுற்றி வந்தவர், வாடிக்கையாளரோடு பேசி முடித்த கையோடு நேராக நிர்வாக அறைக்குள் நுழைந்தார்.

இரண்டே நாளில், தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நடந்து வருபவர்களுக்கென்று ஒரு சிறிய கதவு திறந்தது. முதல் ஆளாக மேரியை உள்ளே போகச் சொன்னான் கேஷவ். அன்று அவர்களோடு ஓடை வழியாக வந்திருந்த ரவிசந்திரனும் குடையை மடக்கிக்கொண்டு பின்னால் நின்றார்.

கதவைத் தாண்டிய மேரி திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சு வருஷமா நாங்க நடந்தோம், ஒண்ணும் நடக்கல. மேனேஜர் சார் ஒரே நாள் நடந்தாரு, நடந்துருச்சு!"

காவலாளிக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். ரவிசந்திரன்தான் குடையை உதறுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.