கலகலா கருகிய வருடம்

சாந்தோமில் ஈவ்லின் வீட்டுப் படுக்கையறைகள் இரண்டிலும், குடிவந்த வருடத்திலிருந்தே பனி பெய்துவந்தது. பீரோவுக்குப் பின்னால் உள்ள மூலையில் மட்டும், மாவு சலிப்பதுபோல விழும். கத்திரி வெயிலிலும் உருகாது. மாநகராட்சி ஆள் வந்து பார்த்து, குழாய்க் கசிவு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார், அதுவும் உறைந்தது. கணவர் விக்டருக்குக் குறட்டை, ஈவ்லினுக்கு விடிய விடிய வாசிப்பு என்பதால் ஆளுக்கொரு அறை. ஆளுக்கொரு பனித்தூணும் வளர்ந்தது. சூடான வருடத்தில் விழுந்த அடுக்கு கண்ணாடிபோலவும், குளிர்ந்த வருடத்தில் விழுந்தது பால்போலவும் இருந்தன.

மீன் விற்கும் ஜெனிதா ஒருமுறை கூடைக்கு ஐஸ் என்று கொஞ்சம் உடைத்துக்கொண்டு போனாள். மறுநாளே வந்து நின்றாள்.

"இன்னாக்கா உன் ஐஸு? உருக உருக வஞ்சரத்துல ஷேவிங் லோஷன் வாசன வருது. வாங்க வர்றவங்க காறித் துப்புறாங்க."

"சார் ரூம்லேர்ந்தா எடுத்தே?"

"ஆமா. உன் ரூம்ல எங்க கீது, சுரண்டுனாகூட ஒரு கை தேறாது."

ஈவ்லின் ஆச்சரியப்படவில்லை. கிண்டியில் ஓர் ஆய்வகத்தில் அவள் வேலையே அதுதான். கிரீன்லாந்துப் பனியிலும் அண்டார்டிகாப் பனியிலும் அடைபட்ட காற்றுக் குமிழிகளை ஒப்பிட வேண்டும். சதுப்பு நிலத்து மீத்தேன் ஓரிரு வருடத்தில் உலகமெங்கும் கலந்துவிடும். ஆகவே இரண்டு பனியிலும் அது ஒருசேர ஏறும் இடம் ஒரே காலம். அதைப் பிடித்துக்கொண்டால், வடக்கு முதலில் சூடானதா தெற்கு முதலில் ஆறியதா என்று சொல்லிவிடலாம்.

விக்டர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் ஒரே பேச்சாகிவிட்டது. முதலில் ஆறிப்போனது யார்? நீதான் என்றார் அவர். நீங்கள்தான் என்றாள் அவள். கத்திக் கத்தி இருவருக்கும் சலித்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்தால், வடபழனியில் அக்கா ஃப்ளோரா வீட்டுக்கே போய்விடுவதாக விக்டர் சொன்னார்.

ஈவ்லின் துளைக்கருவி கொண்டுவந்து இரண்டு தூண்களையும் துளைத்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு எண்ணெயில் பொரித்த கலகலாப் பலகாரம் மொத்தமும் கருகி, வீடு முழுக்கப் புகை நின்றது. அந்தப் புகை இரண்டு பனியிலும் அடைபட்டிருந்தது. அதை நேர்வைத்து அடுக்குகளை எண்ணினாள். விக்டர் அறை முதலில் ஆறியிருந்தது.

"நீங்கதான்" என்றாள், அலுவலகக் குரலில்.

விக்டர் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினார். "சரி தாயே, நான்தான் குத்தவாளி. ஆனா ஒண்ணு. உன் ரூம்ல பனிகூட ஒழுங்கா வுழல. நீ எங்க வூட்ல இருந்தே, வுழறதுக்கு?"

ஈவ்லின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பனி மெலிதாக விழும் இடத்தில் குமிழி மூட வெகுகாலம் ஆகும். அதுவரை புதுக்காற்று உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். புகையைவிட அதைச் சுற்றியுள்ள பனி பழையது. பனி குறைவாக விழும் அண்டார்டிகாவுக்குத் தினமும் போடும் இந்த வயதுத் திருத்தத்தைத் தன் அறைக்குப் போட மறந்திருந்தாள்.

போட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஆய்வகத்தில் வேலை கிடைத்த வருடம் அவள் அறை கண்ணாடியாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் அறை மெல்ல வெளுத்தது. பின்னொரு காலம் அவருடையது தெளிய, அவளுடையது வெளுத்தது. வீட்டுச் சூடு தீர்ந்துபோகவில்லை, அறை மாறிக்கொண்டிருந்தது. துருவங்களைப் பற்றி இதையே பல தடவை எழுதியிருந்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேன். மொதல்ல சூடானது நான். உங்க சூட்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டேன்போல."

விக்டர் பெட்டிமேல் கைவைத்தபடியே நின்றார். "இப்ப எந்த ரூமு சூடு?"

"உங்களுது."

"அப்ப நான் ஏன் போணும்? தலகாணிய எடுத்துக்கினு வா."

"குறட்டை?"

"காதுல பஞ்சு வெச்சுக்கோ."

பனி இன்றும் பெய்கிறது. சூடு அறை மாறும் வருடங்களில் இருவரும் மெத்தையை ஆளுக்கொரு முனையில் பிடித்து நடையில் இழுத்துப்போவார்கள். மாடியில் குடியிருக்கும் அஃப்சருன்னிசா அந்தச் சத்தம் கேட்டால் டிவியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்.