சக்கர வீட்டுக்குள் லூயிசா

காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தவளுக்கு நெற்றியாவது கொஞ்சம் சுட வேண்டும். லூயிசாவின் நெற்றி ஜில்லென்றுதான் இருந்தது. சுட்டதெல்லாம் உள்ளே, எட்டு மாதமாக.

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் அவள் குடியிருந்த தொழிலாளர் லைனில் முப்பத்திரண்டு வீடுகள். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் வாசனை முப்பத்திரண்டுக்கும் போகும். ஆனால் அந்தக் கருவாட்டை யார் கொண்டுவந்தார்கள், ஏன் கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள் என்பது தெரிய வேண்டுமானால் லூயிசாவிடம்தான் வர வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு, எதிர்வீட்டு வாசலில் நிற்கிற ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எட்டு மாதம் போனது பெரிய கொடுமை.

அந்தப் பொருள் ஒரு வீடு. சக்கரம் வைத்த வீடு. எதிர்வீட்டு சாம்ராஜின் மகன் ரோனி, புல்டோசர் செய்கிற பேக்டரியில் வெல்டர். லீவு நாளெல்லாம் இரும்பை ஒட்டி ஒட்டி, பழைய ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி அதைச் செய்திருந்தான். தகரச் சுவர், இரண்டு ஜன்னல், ஒரு கதவு, ஏற இரும்பு ஏணி. ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அப்பாவையும் அம்மாவையும் அதிலேயே படுக்க வைத்து, அதிலேயே சமைத்துச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போவதாகத் திட்டம்.

வேலை ஆரம்பித்த ஜனவரியிலேயே லூயிசா குழாயடியில் வாயை விட்டாள்.

"கோழிக்கூண்டுக்கு சக்கரம் வெச்சா அது பஸ்ஸாயிடுமா?"

வரிசையில் நாலு குடம் பின்னால் ரோனியின் அம்மா ஐடா நின்றுகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பாள், கொஞ்சம் மெதுவாக.

"கூண்டோ இன்னாவோ, உள்ளயே கக்கூஸ் வெக்கறான் என் புள்ள," என்றாள் ஐடா. "வெஸ்டர்னு. வெள்ளை வெளேர்னு. நீ போய் டப்பாவ தூக்கிகினு லைன்ல நில்லு."

முப்பத்திரண்டு வீட்டுக்கும் பின்னால் எட்டே கக்கூஸ். காலையில் டப்பாவும் கையுமாக அங்கே நின்றவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் வலி தெரியும். லூயிசா குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டாள்.

"இனிமே உன் வாசப்படிய மிதிச்சேன்னா, என் மூக்க அறுத்து மாதா கோயில் உண்டியல்ல போடு!"

அன்றோடு பேச்சு நின்றது. சத்தியத்துக்கு லைனே சாட்சி. பக்கத்து வீட்டு மரியகுழந்தை மட்டும் வாரம் ஒரு தரம் அவளை நிறுத்தி, மூக்கை நன்றாகப் பார்த்துவிட்டு, "கீது, கீது" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

இன்றைக்குத் தேதி இருபத்தேழு. யாத்திரை போகிறவர்களுக்காகக் காலையில் தனிப் பூசை. லைன் மொத்தமும் கோயிலுக்குப் போயிருந்தது; லூயிசாவின் வீட்டுக்காரர் இன்பராஜும் நைட் ஷிப்ட் முடிந்த கண்ணோடு போயிருந்தார். சாமான் ஏற்றித் தயாராக நின்ற சக்கர வீட்டின் கதவில் வெறும் நாதாங்கிதான் போட்டிருந்தது.

போர்வையை உதறிவிட்டு லூயிசா தெருவைக் கடந்தாள். ஏணியில் கால் வைக்கும் முன்பு மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்: இது வாசப்படி இல்லை, இரும்பு ஏணி.

உள்ளே இரண்டு பலகைக் கட்டில், ஒரு ஸ்டவ், கயிறு போட்டுக் கட்டிய மாதா சுரூபம். ஜன்னல் திரை ஐடாவின் பழைய நீலப் புடவை. எந்தக் கிறிஸ்துமஸுக்கு எடுத்தது என்பதுகூட லூயிசாவுக்கு நினைவிருந்தது. அதெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நேரே கடைசி மூலைக்குப் போனாள். பீரோ அகலத்தில் ஒரு தடுப்பு, அதற்கொரு கதவு. திறந்தாள்.

மூடி போட்ட ஒரு நீலப் பிளாஸ்டிக் பக்கெட்.

பக்கெட்டை நகர்த்தினாள். அடியில் தரைத் தகட்டில் வட்டமாக ஒரு ஓட்டை, அதன் வழியே தெரு மண். ஓட்டையைச் சுற்றிச் சாக்பீஸில் ரோனியின் கையெழுத்து: 'கமோடு இங்கே'.

லூயிசா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளை வெளேர்! மாதாவே, முதலில் யாரிடம் சொல்வது? மரியகுழந்தையிடமா, குழாயடியில் பொதுவாகவா?

அந்தச் சந்தோஷத்தில் நேரம் போனது தெரியவில்லை. சாமியாருக்குக் கோலாரில் வேறு வேலை இருந்ததாம். பூசையைச் சட்டென்று முடித்துவிட்டார். தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்டு அவள் திரும்புவதற்குள் ஏணிக்குப் பக்கத்திலேயே ஐடாவின் குரல். லூயிசா தடுப்புக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். காபி குடிக்க உள்ளே போவார்கள், அப்போது நழுவிவிடலாம்.

"அப்பா!" என்றான் ரோனி வெளியே. "இன்னா இது, டயர் இப்டி படுத்துகினு கீது?"

காபி போயிற்று.

சாம்ராஜ் ரிட்டயர்டு ஆள். இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்து ஷாப்ட் வாயில் நின்று, கூண்டில் ஏறுகிற தலைகளை எண்ணி, மணியடித்துக் கீழே அனுப்பியவர். எந்தக் காரியத்தையும் வரிசைப்படி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஜீப்ப அவுக்காத. மாட்டினபடியே இருக்கட்டும், ஹேண்ட்பிரேக்க போடு. நல்ல சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கல்லு வை. நட்ட இப்பவே லூஸ் பண்ணு, தூக்கினப்பால திருகினா வண்டி ஆடும்."

"அப்பா, நாங்க புல்டோசரயே தூக்கறோம்."

"அது உங்க பேக்டரி தரை. சிமிட்டி. இது நம்ம லைனு, தங்கம் எடுத்த சக்கை, சயனைடு மேட்டு மண்ணு கொட்டி ரொப்பினது. மேல கெட்டி, உள்ள மாவு. ஜாக்கிக்கு அடியில மரக்கட்டை போடு."

"கடப்பா கல்லு கீதுப்பா. அது போதும், சும்னே இரு."

"கட்டை போடுறா."

"கட்டைய சேசிஸ்க்கு கீழ சொருகறேன். தூக்க தூக்க அடுக்கிகினே வரேன். சரியா?"

சாம்ராஜ் முனகினார். பாதி கேட்டதே பெரிது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

"யாரு ஜாக்கி அடிக்கிறது?"

"நான் அடிக்கிறேன்," என்றது ஒரு தூக்கக் குரல். இன்பராஜ். அவள் வீட்டுக்காரர். மைனில் வைண்டிங் எஞ்சின் டிரைவர். கூண்டை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கை. கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது, மணிதான் கணக்கு. ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் இருக்கிறது. இந்த லைனில் தொட்டில் குழந்தைக்கும் அது தெரியும்.

சாம்ராஜ் தகரத்தைத் தட்டினார். "உள்ள யாராச்சும் கீறீங்களா?"

லூயிசா மூச்சை அடக்கினாள்.

"உள்ள ஆளு கீதா?"

இப்போது சொன்னால் மூக்கு. முப்பத்திரண்டு வீட்டுக்கு முன்னால், ஐடாவின் கக்கூஸுக்குள்ளிருந்து எழுந்து வந்து நிற்க வேண்டும். பிறகு குழாயடிக்கு எந்த முகத்தோடு போவது? அவள் சொல்லும் சேதியை இனி யார் காதில் வாங்குவார்கள்?

"மூணாவது வாட்டி கேக்கறேன். உள்ள யாரு?"

"யாரும் இல்ல, தூக்குங்க," என்றாள் ஐடா. "நல்ல நேரம் போவுது."

"நீ இங்க, ரோனி இங்க, நான் இங்க. மூணு. சரி, அடி இன்பா."

தரை ஒரு பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டது. பக்கெட் சறுக்கி வந்து லூயிசாவின் மடியில் உட்கார்ந்தது. அதைக் கட்டிப் பிடித்தபடி, காலுக்கடியில் ஓட்டையைப் பார்த்தாள். சரியாக அங்கேதான் எல்லாம் தெரிந்தது: ஜாக்கி, அதற்கடியில் கடப்பா கல், பக்கத்தில் ரோனி ஒவ்வொன்றாகத் தள்ளும் மரக்கட்டைகள். சக்கரம் மறைத்ததால் வெளியே நின்றவர்களுக்கு இது எதுவும் தெரியாது. சாம்ராஜோ அந்தப் பக்கம் நல்ல சக்கரத்துக்கு வைத்த கல்லுக்குக் காவல் நிற்கிறார்.

நாலாவது கட்டை நேராக உட்காரவில்லை. ரோனி கையை விட்டுப் பார்த்தான். பிறகு படுத்து, தோளையும் உள்ளே நுழைத்தான்.

அப்போது கடப்பா கல்லில் மயிரிழையாக ஒரு கோடு ஓடியது. ஒரு பாதி மண்ணுக்குள் ஒரு விரல் அளவு இறங்கியது. ஜாக்கி மாதா சுரூபத்தைப் போலத் தலையைச் சாய்த்தது. வெளியே இன்பராஜ் அடித்துக்கொண்டே இருந்தார். இன்னொரு அடி. கோடு அகலமாயிற்று.

லூயிசாவுக்கு வாய் வராமல் போனது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். கத்தினாலும் என்ன ஆகும்? யாரு, எங்க என்று கேட்பதற்குள் இரண்டு அடி விழுந்துவிடும். ரோனியின் தோள் தெரிந்தது. அதற்கு மேல் மூக்கு ஞாபகம் வரவில்லை. முஷ்டியை மடக்கித் தகரத்தில் விட்டாள்.

டங்!

ஒன்று.

இன்பராஜின் கை பாதி வழியில் அப்படியே நின்றது. அவர் மட்டுமா, லைனே நின்றது. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன மரியகுழந்தைகூட டம்ளரோடு நின்றாள். யார் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மணி விழுந்ததும் கேள்வி கேட்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

"ரோனி, வெளிய வா!" என்று சாம்ராஜ் அலறினார்.

தோள் போனது, கை போனது. ஓட்டையில் வெறும் மண் தெரிந்தது. லூயிசா முஷ்டியைத் தூக்கினாள்.

டங். டங்.

இரண்டு. இன்பராஜ் ஜாக்கியின் திருகைத் திறந்தார். வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கி, ரோனி அதுவரை அடுக்கிய கட்டைகளின் மேல் உட்கார்ந்தது. கடப்பா கல் படக்கென்று இரண்டாகி, ஜாக்கி சாய்ந்து விழுந்தது.

பிறகு இன்பராஜ் கேட்டார்: "இரு இரு. மணி குடுத்தது யாரு?"

ஒளிய இடமில்லை. லூயிசா கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை தட்டினாள்.

ஏணியில் முதலில் ஏறியது ஐடா. அது அவள் வீடு. நேரே வந்து தடுப்புக் கதவைத் திறந்தாள். பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு லூயிசா உட்கார்ந்திருந்தாள்.

"மூக்கு எங்க?" என்றாள் ஐடா மெல்லிய குரலில். எட்டு மாதத்தில் முதல் வார்த்தை.

"இன்னும் இங்கதான் கீதுக்கா."

"எவ்ளோ நேரமா கீறே?"

"பூசை ஆரம்பிச்சதுலேந்து." லூயிசா ஓட்டையைக் காட்டினாள். "கல்லு வுட்டுச்சுக்கா. புள்ள தோளு உள்ள இருந்துச்சு."

ஐடா குனிந்து, ஓட்டை வழியே இரண்டாகப் போன கல்லைப் பார்த்தாள். அவள் கை சும்மா இருக்க முடியாமல் லூயிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தபோது கண் பக்கெட்டில் விழுந்தது. பக்கெட்டிலிருந்து லூயிசாவின் முகத்துக்கு வந்தது. மறுபடி பக்கெட்டுக்குப் போனது. லூயிசாவுக்கு எல்லாம் புரிந்தது. எட்டு மாதமாக, மூக்குக்காகத் தான் ஒருத்திதான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள்; ஐடாவும் இந்தப் பக்கெட்டுக்காகப் பயந்திருக்கிறாள்.

"ஐடா! யாரு உள்ள?" என்று வெளியே மரியகுழந்தை.

ஐடா கதவண்டை போய் நின்றாள். "நம்ம லூயிசாதான். நான்தான் உக்கார சொன்னேன். மாதா சுரூபம் வுழாம புடிச்சிக்கடின்னு."

"நீ யாரும் இல்லன்னியே?" என்றார் சாம்ராஜ்.

"மறந்துட்டேன்."

"மூணு வாட்டி கேட்டேனே, அவ சொல்லக் கூடாதா?"

"காய்ச்சல், அண்ணே," என்றபடி லூயிசா ஏணியில் இறங்கினாள். "காது அடைச்சிகினு கீது."

இன்பராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருஷக் குடித்தனம், விழுந்த ஜாக்கியை எடுக்கப் போய்விட்டார். ரோனி தோளைத் தேய்த்துக்கொண்டே, "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றான். "ஆன்ட்டி உள்ள இருந்ததாலதான் அவ்ளோ வெயிட்டு" என்று சொல்ல வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து முழுங்கினான்.

மரியகுழந்தை விடவில்லை. டம்ளரை வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அது போவட்டும்டி. உள்ள போய் பாத்துட்டு வந்துட்டே. நெஜத்த சொல்லு. அந்தக் கக்கூஸு கீதா, இல்லியா?"

லைன் மொத்தமும் கழுத்தை நீட்டியது. எட்டு மாதம் காத்திருந்த சேதி லூயிசாவின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. அது நீல நிறத்தில், மூடியோடு இருந்தது. அவள் ஏணி மேல் நின்ற ஐடாவைப் பார்த்தாள்.

"கீதாவா?" என்றாள். "வெள்ளை வெளேர்னு, வாத்து மாதிரி கீது. உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வரல. அதான் எறங்க லேட்டு."

ஐடா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்பதை லூயிசா பிறகு விசாரித்துக்கொள்வாள்.

இரண்டாம் தரம் ஜாக்கி வைத்தபோது ரோனியே பெரிய மரக்கட்டையைக் கொண்டுவந்து அடியில் போட்டான். யாரும் படுக்கவில்லை, கட்டைகளை ஒரு நீளக் கழியால் தள்ளினான். சாம்ராஜ் தலைகளை எண்ணினார். "ஐடா, ரோனி, நான். லூயிசா எங்க?"

"இங்க கீறேன் அண்ணே."

"என் கண்ணுக்கு முன்னால நில்லு. அசையாத."

டயர் மாறியது. நட்டெல்லாம் இறுக்கி, ஜீப் உறுமி, சக்கர வீடு தெருவில் இறங்கியது. லூயிசாவின் வாசலுக்கு நேரே வந்ததும் ஜன்னலில் நீலப் புடவைத் திரை விலகி, ஒரு கை நீண்டது. கையில் ஒரு சாவி.

"ரோஜா செடிக்கு தண்ணி ஊத்து. வர பத்து நாளாவும்."

லூயிசா கையை நீட்டவில்லை. "நான் உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேனேக்கா."

"தெரியும்," என்றாள் ஐடா. "இது பின்கதவு சாவி."