காற்றை எண்ணும் கம்பி

ஸர்வலி எஞ்சினிலிருந்து இன்னொரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கந்தல் துணிமேல் வைத்தான். நிஸார் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பீங்கான் வெளுத்திருந்தது, அளவுக்கு மீறிய சூட்டில் வெந்திருக்கிறது. ஆனால் அதன்மேல் அலுமினியப் பொடி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பிஸ்டன் உருகியிருந்தால் ஒட்டியிருக்கும்.

"இன்னும் ரெண்டு பாக்கி," என்றான் ஸர்வலி. "மூச்ச விடு மாஸ்டர். நீ செத்துட்டா உன் வேலையும் என் தலைல விழும். எனக்குக் கம்ப்யூட்டரத் தொறக்கவே தெரியாது."

நிஸாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஷார்ஜா தொழிற்பேட்டையில் டர்போ வண்டிகளுக்கு ட்யூனிங் செய்யும் பட்டறை அது. மணல்மேட்டுப் பந்தயத்துக்காக அவன் தயார் செய்து கொடுத்த ஜீப், முதல் மேட்டிலேயே எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் போட்டு, லாரியில் ஏறித் திரும்பி வந்திருந்தது. முதலாளி அபூ ஹம்தான் காலையிலேயே சொல்லிவிட்டார். "பிஸ்டன் போயிருந்தா நீயும் போ. விசாவ கேன்சல் பண்ணிடுவேன்." அவன் விசா போனால் மனைவி ரீமாவும் மகளும் கூடவே போக வேண்டும். திரும்பிப் போகச் சொந்த ஊரான ஹோம்ஸில், போருக்குப் பிறகு வீடு என்று ஒன்று நிற்கவில்லை.

கடைசி பிளக்கும் சுத்தமாக இருந்தது. நிஸார் அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். எஞ்சின் பிழைத்துவிட்டது. ஏன் அடித்துக்கொண்டது என்பதுதான் மிச்சம்.

மடிக்கணினியை வண்டியோடு இணைத்து மணல்மேட்டில் பதிவானதைப் பார்த்தான். பெடல் அடிவரை அமுக்கப்பட்டிருக்கிறது. டர்போ முழு அழுத்தத்தில் ஊதியிருக்கிறது. ஆனால் உள்ளே போன காற்று என்று வண்டி கணக்குப் பண்ணியிருப்பதோ, சந்தைக்குப் போகிற வண்டியின் அளவுக்குத்தான் இருக்கிறது.

"டர்போ அந்த ஊது ஊதுது, காத்து மட்டும் இவ்வளவுதானா?" என்று முணுமுணுத்தான். "பொய் சொல்லுது."

எஞ்சினுக்குப் பாரம் என்பது ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே போகிற காற்றுதான். குழாயில் சூடாக நிற்கும் மெல்லிய கம்பி, காற்று தன்னைக் குளிரவைப்பதை வைத்து அதை அளக்கிறது. பாரம் குறைவு என்று கம்பி சொன்னால் பெட்ரோலும் குறையும், பொறியும் முந்திக்கொள்ளும்; அதுதான் உள்ளே சுத்தியலாக அடிக்கும்.

நிஸார் குழாயைக் கழற்றி விரலை விட்டான். விரல் வழவழத்தது. கம்பிமேல் எண்ணெய் படிந்து, அதன்மேல் தூசி போர்த்தியிருந்தது; காற்று நேராகப் பட வழியே இல்லை.

"காத்து ஃபில்டருக்கு இவ்வளவு எண்ணெய் போட்டது யாரு?"

ஸர்வலி தாடியைச் சொறிந்தான். "வேற யாரு? வண்டி எடுக்க வந்த அன்னிக்கு, ஜீப் சொந்தக்காரரு ஸுஹைல் பாக்கறாருன்னு நம்ம மொதலாளியே சட்டக் கைய மடிச்சுக்கிட்டு இறங்கிட்டாரு. ஒரு மணல்கூட உள்ள போகாதுன்னு பாட்டில அப்படியே கவுத்தாரு. பக்கோடா பொரிக்கலாம் அதுல."

"நீயாவது சொல்லக்கூடாதா?"

"சொல்லிட்டு? நீ இப்ப போய்ச் சொல்லுவியா?"

நிஸார் யோசித்தான். யோசிக்க அதிகம் இல்லை.

"மணல்னு சொல்லிடுவோம்," என்றான். "மணலுக்கு விசா கேன்சல் பண்ண முடியாது."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, கம்பியைக் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்து, புது பிளக் மாட்டி, வண்டியைச் சோதனை உருளைமேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே சக்கரம் சுழல ஓட்டினார்கள். காற்றின் கணக்கு டர்போவோடு சேர்ந்து ஏறியது. சுத்தியல் சத்தம் இல்லை. வெளியே போய் ரீமாவுக்குப் போன் செய்தான் நிஸார். "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாப் போச்சு," என்றான்.

மாலையில் ஸுஹைலைக் கூட்டிக்கொண்டு அபூ ஹம்தான் வந்தார். வெள்ளை உடையில் மடிப்புக் கலையவில்லை.

"மணல் புகுந்திருந்துச்சு மொதலாளி," என்றான் நிஸார்.

"நான் அப்பவே நெனச்சேன்," என்று அவர் ஸுஹைலிடம் திரும்பினார். "என் கண்ணுக்கு எதுவும் தப்பாது தம்பி. வீடியோ எடு, நானே ஓட்டிக் காட்டறேன்."

ஸுஹைல் போனைத் தூக்கினான். அபூ ஹம்தான் உருளைமேல் நின்ற ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டு, நிஸாரை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். "நீ கீழ உக்காந்துக்க. கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே இரு. எப்ப பெடல விடணும்னு என் காலத் தட்டு. தலை வெளிய தெரியக்கூடாது."

பக்கத்து இருக்கைக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு மடங்கினான் நிஸார். எஞ்சின் உறுமியது. மேலே முதலாளி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திரையில் எண் சரியாக, அழகாக ஏறியது. பார்க்கப் பார்க்க நிஸாருக்கு மனம் நிறைந்தது. தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, கையை நீட்டி, அவருடைய செருப்பை மெதுவாகத் தட்டினான்.